துறவியின் தோழமை

முழுநிலாக் காலத்தில் மட்டக்களப்பு வாவியிலே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் ஆழ்த்தி, மறுமுனையைச் செவியோடு பொருத்திக் கேட்போர்க்கு நீரடியிலிருந்து மெல்லியதோர் ஓசை எழுந்து வருவது புலனாகும். இலங்கை அரசின் குடியேற்றக் காரியதரிசியாயிருந்த எமர்சன் தெனன்ற் என்பவர் 1848 ஆம் ஆண்டு இவ்வாறு கேட்டுத் தம் நூலில் அதனை எழுதி வைத்தார். அந்நாளைச் செம்படவர் அவர்முன் ஊரி ஒன்றைக் கொணர்ந்து காட்டி, அழுகின்ற ஊரி என்று அதற்குப் பெயர் கூறினராம். அவ்வோசையையே பிற்காலத்தார் மீனின் பாட்டு என்றனர். மீன் பாடும் நாடு என்று மட்டக்களப்புக்குப் புகழ்மாலையும் சூட்டினர். ஒரே ஒலி ஒருவர் செவிக்கு அழுகையாகவும் மற்றொருவர் செவிக்குப் பாட்டாகவும் கேட்டிருக்கின்றது. விபுலாநந்த அடிகளின் செவியிலோ அது ஏழு நரம்புகளின் இசையாயிற்று. நீரர மகளிர் வாவியினடியில் இருந்து பாடுவதாக அமைத்து அவர் இயற்றிய இசைப்பாடல் அவருடைய யாழ்நூலில் இடம்பெற்றிருக்கின்றது.

அடிகளின் வாழ்க்கையை எழுதப் புகுவோர் பலரும் அவர் பெற்ற பட்டங்களையும் வகித்த பதவிகளையும் நிரல்பட அடுக்கி முடித்துவிடுகின்றனர். முதற் பேராசிரியர், முதற் பண்டிதர் என்று முதன்மைகளின் பட்டியல் நீள்கின்றது. அவையெல்லாம் மெய்யே, ஆயினும் அப்பட்டியலுள் மனிதர் மறைந்துபோகின்றார். துயருற்ற ஒருவர் பக்கத்தில் இருந்து அத்துயரைத் தாங்க வல்லவராய் அவர் இருந்தார் என்பதை அவர் வாழ்வில் சில இடங்களைக் கொண்டு காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். பற்றறுத்த துறவி ஒருவர் நண்பனின் பிரிவுக்குக் கலங்கலாமா என்ற வினாவும் இடையில் எழும். அதையும் தட்டிக்கழித்தல் ஆகாது.

அவர் பிறந்த ஊர் காரைதீவு. இன்று அம்பாறை மாவட்டத்தைச் சார்ந்ததாயினும், அவர் பிறந்த 1892 இல் அவ்வூர் மட்டக்களப்புப் பகுதியாகவே எண்ணப்பட்டது. ஒருபுறம் வங்கக்கடல், மறுபுறம் வயல்வெளி. தந்தையார் சாமித்தம்பி, தாயார் கண்ணம்மை, பிள்ளைக்கு இட்ட பெயர் மயில்வாகனன். காரைதீவிலே கண்ணகியம்மன் கோயில் ஒன்று உண்டு. கீழ்மாகாணத்துத் தமிழூர்கள் பலவற்றில் வைகாசித் திங்களில் அம்மனுக்குச் சடங்கு நிகழும்; கண்ணகி வழக்குரை பாடப்படும்; ஈற்றில் குளிர்த்தி நிகழும். கணவனை இழந்து, ஊரை எரித்து, ஆற்றாமையோடு நிற்கின்ற ஒருத்தியை ஊரார் அனைவரும் ஒருங்கு கூடிப் பாட்டினால் குளிர்விப்பதே குளிர்த்தி. ஆறுதல் கூறுவதை ஓர் ஊரே ஆண்டுதோறும் தன் கடனாகக் கொண்டு செய்யும் வழக்கம் வேறெங்கும் இவ்வளவு அழகாக உண்டோ என்று நாம் அறியோம். அப்பாட்டைச் செவியிற் கேட்டு வளர்ந்த பிள்ளை பின்னாளிற் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்றுகாதையைத் தன் வாழ்நாள் ஆராய்ச்சிக்கு அடிநிலமாகக் கொண்டது தற்செயலாக நேர்ந்தது என்று கொள்ள எமக்கு மனம் வரவில்லை.

கல்வி வரலாற்றைச் சுருங்கச் சொல்லலாம். காரைதீவிற் குஞ்சித்தம்பி ஆசிரியரிடம் தொடக்கம். தமிழுக்கும் வடமொழிக்கும் புலோலி வைத்தியலிங்க தேசிகர். பின்பு கல்முனையிலும் மட்டக்களப்பு அர்ச் மிக்கேல் கல்லூரியிலும் ஆங்கிலக் கல்வி. 1908 இல், பதினாறு வயதில், கேம்பிரிட்சு சீனியர் தேர்வில் வெற்றி. கொழும்பில் ஆசிரியப் பயிற்சி. அங்கே தென்கோவைக் கந்தையாபிள்ளையிடம் தமிழ். 1916 இல் விஞ்ஞானத்தில் டிப்ளோமாவும், மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதப் பட்டமும். 1917 இல் யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியர். 1920 இல் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டம். அவ்வாண்டே மானிப்பாய் இந்துக் கல்லூரியின் தலைமை. இருபத்தெட்டு வயதில் இவ்வளவும் கைவந்த ஒருவர் இல்லறம் புகுந்து, அரசாங்கச் சேவையில் அமர்ந்து, பெருவளத்தோடு வாழ்ந்திருக்கலாம். அன்றைய யாழ்ப்பாணம் அதைத்தான் எதிர்பார்த்திருக்கும்.

அவர் 1922 இல் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்துக்குச் சென்றுவிட்டார். பிரபோத சைதன்யர் என்னும் பெயருடன் பிரமசரிய நிலையில் இருந்து, மடத்தின் தமிழ் இதழாகிய இராமகிருஷ்ண விஜயத்துக்கும் ஆங்கில இதழாகிய வேதாந்த கேசரிக்கும் ஆசிரியராகப் பணிபுரிந்தார். 1924 இல் சுவாமி சிவானந்தரிடம் துறவு பெற்று விபுலாநந்தர் ஆனார். மறு ஆண்டே ஈழத்துக்கு மீண்டார்.

இங்கு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். துறவு பூண்டோர் ஊரை விட்டு விலகுதல் பெருவழக்கு. இவரோ துறவு பூண்டு ஊருக்குத் திரும்பினார். இராமகிருஷ்ண இயக்கத்துத் துறவு தொண்டை மையமாகக் கொண்டதாதலின் இதில் வியப்பில்லை எனலாம். ஆனால் தொண்டு என்ற சொல் எல்லார் வாயிலும் எளிதாகப் புரள்கின்றது. கையில் எடுத்தால் அதன் பாரம் தெரியும். மட்டக்களப்பு, திருகோணமலை, யாழ்ப்பாணம் ஆகிய இடங்களில் இருந்த பள்ளிகளின் பொறுப்பு அவர் தோளில் ஏறிற்று. ஆங்கிலக் கல்வி வேண்டின் மதம் மாறவேண்டும், அல்லது பணம் வேண்டும் என்ற நிலையில் இருந்த ஏழைப் பிள்ளைகள் கீழ்மாகாணத்தில் மிகப் பலர். வாவியின் மேல் கல்லடிப் பாலம் எழுந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. பாலத்துக்கு அப்பால், கல்லடி உப்போடையில், 1929 இல் சிவானந்த வித்தியாலயத்தை அவர் நிறுவினார். தமக்குத் துறவு தந்த ஆசிரியரின் பெயரையே பள்ளிக்கு இட்டார். தாய் தந்தையற்ற பிள்ளைகளும் வறிய பிள்ளைகளும் தங்கிப் படிப்பதற்கு இல்லமும் அமைந்தது.

துயரத்தில் இருப்பவனை அணுகி, வருந்தாதே என்று கூறுவது எல்லார்க்கும் கைவந்த செயல். அது பெரும்பாலும் கேட்பவனுக்கு உதவுவதைவிடச் சொல்பவனுக்கே அமைதி தருகின்றது. அடிகள் அந்த வகையினர் அல்லர் என்பது அவர் செயல்களால் விளங்கும். பெற்றோரை இழந்த பிள்ளையின் கையில் அவர் புத்தகத்தையும் உண்கலத்தையும் கொடுத்தார். இரவு படுக்க ஓரிடம் கொடுத்தார். ஆறுதல் மொழி அதன்பின் தானாக வரும், வாராவிடினும் குறையில்லை.

1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியராக அவர் அழைக்கப்பட்டார். அங்கிருந்த இரண்டாண்டுகளில் அவர் செய்தவற்றுள் இரண்டைச் சொல்லவேண்டும். ஒன்று, பல்கலைக்கழகத்தை அடுத்துள்ள திருவேட்களத்துச் சேரிப் பிள்ளைகளுக்கு இராப்பள்ளி நடத்தியது. பகலில் பட்ட வகுப்புக்குச் சங்க நூல் உரைத்த நாவே இரவில் அங்கே அரிச்சுவடி சொல்லிற்று. காவியுடுத்த பேராசிரியர் அந்தத் தெருவுக்குள் நடந்து சென்ற காட்சி 1930களின் சிதம்பரத்தில் எவ்வளவு முணுமுணுப்பை எழுப்பியிருக்கும் என்பதை அந்நாளைய சமூக நிலை அறிந்தோர் உய்த்துணர்வர்.

மற்றொன்று பாரதியாரைப் பற்றியது. பாரதியார் 1921 இல் மறைந்தார். மறைந்து பத்தாண்டு கழிந்த பின்னும் பல்கலைக்கழகத் தமிழ் அவரைத் தன் வாயிலுக்குள் விட மறுத்தது. இலக்கணப் பயிற்சி மிக்க புலவர் பலர் அவர் பாட்டைத் தெருப்பாட்டு என்று ஒதுக்கினர். அடிகளோ பண்டிதர், வடமொழியும் ஆங்கிலமும் விஞ்ஞானமும் கற்றவர், பழந்தமிழில் ஊறியவர். அப்படிப்பட்ட ஒருவர் மாணாக்கரைக் கூட்டிப் பாரதி கழகம் அமைத்து அப்பாடல்களைப் பாடவும் ஆராயவும் செய்தபோது, ஒதுக்கியோர்க்கு மறுமொழி கூற வாய்ப்பில்லாது போயிற்று. வறுமையில் உழன்று மறைந்த கவிஞனுக்கு, அவன் மறைந்தபின், நேரிற் பழகாத ஒருவர் செய்த தோழமை அது. தோழமைக்கு இருவரும் உயிரோடு இருத்தல் வேண்டும் என்ற நியதியில்லை. கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் காணாமலே நட்டனர் என்பதை நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கின்றோம்; அதே உள்ளம் நம் காலத்தில் தொழிற்பட்டதையும் கற்பிக்கலாம்.

1933 இல் பேராசிரியர் பதவியை விட்டார். பின்னர் சென்னையில் விஞ்ஞானக் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்கும் முயற்சிக்குத் தலைமை தாங்கியதையும், ஈழத்தில் பள்ளிப் பணியைத் தொடர்ந்ததையும், யாழைப் பற்றிய ஆராய்ச்சியில் மெல்ல மெல்ல ஆழ்ந்ததையும் இங்கே விரிக்க வேண்டியதில்லை. 1939 இல் இராமகிருஷ்ண இயக்கத்தின் பழம்பெரும் ஆங்கில இதழாகிய பிரபுத்த பாரதத்துக்கு ஆசிரியராகி, இமயமலையில் உள்ள மாயாவதி ஆசிரமத்துக்குச் சென்றார். கடற்கரையில் பிறந்தவர் பனிமலையில் இருந்து ஏறத்தாழ இரண்டாண்டுகள் அப்பணியைச் செய்தார்.

இனி, முன்னர்க் குறித்த வினாவுக்கு வருவோம். கந்தசாமி என்பார் அடிகளுக்கு உயிர் நண்பர், தமிழ்ப் புலவர். அவர் மறைந்தார். அத்துயரில் அடிகள் பாடியதே கங்கையில் விடுத்த ஓலை என்னும் செய்யுள். அடிகளின் கவிதைகளுள் மிகுதியும் போற்றப்படுவது வேறொன்று; இறைவன் விரும்பும் மலர் யாது என்று வினவி உள்ளத் தாமரையைக் காட்டும் அப்பாடலை அறியாத தமிழ் மாணவர் ஈழத்தில் அரியர். ஆயினும் அடிகளின் நெஞ்சத்தை அறிய விரும்புவோர் ஓலைச் செய்யுளையே முதலில் எடுத்தல் வேண்டும் என்பது எம் கருத்து.

கையறுநிலை பாடுவது தமிழ் மரபுக்குப் புதிதன்று. பாரியை இழந்த கபிலரும், சோழனை இழந்த பொத்தியாரும் பாடியவற்றைப் புறநானூறு காத்து வைத்திருக்கின்றது. ஆனால் அப்பழம் புலவர்கள் இல்லறத்தார். அன்பினால் கலங்குவது அவர்க்கு இயல்பு. துறவியின் நிலை வேறு. பிறப்பும் இறப்பும் உடலுக்கே என்று பிறர்க்கு ஓதும் நாவு, நண்பன் ஒருவன் உடல் நீங்கியபோது தளரலாமா? இவ்வாறு வினவிய வேதாந்திகள் இருந்திருக்கலாம். வினா முறையானதே. ஆயினும் துறவு என்பது அன்பை அறுப்பதன்று, அன்பின் வரம்பை அறுப்பது என்று கொண்டால், உற்றார்க்கென்று குறுகிக் கிடந்த அன்பு எல்லார்க்கும் விரியும்போது நண்பனுக்கு உரிய பங்கு மட்டும் குறைவானேன்? பெற்றோரை இழந்த பிள்ளையின் துயரை அறிந்த நெஞ்சம் தன் துயரை மட்டும் அறியாதிருக்குமாயின், அது பிள்ளையின் துயரையும் மெய்யாக அறிந்ததில்லை என்றே சொல்லவேண்டும்.

பெயரின் நுட்பத்தையும் நோக்குக. ஓலை என்பது உயிரோடிருப்பார்க்கு விடுப்பது. இறந்தார்க்கு விடுப்பது இரங்கற்பா, ஓலை ஆகாது. அடிகள் நண்பரை இறந்தவராக வைத்து இரங்காமல், செய்தி பெறத்தக்க இடத்தில் இருப்பவராக வைத்துக் கங்கையிடம் ஓலையை ஒப்புவித்தார். மடல் எழுதும் வழக்கம் நட்பின் வழக்கம். அவ்வழக்கத்தை நிறுத்த அவர் உடன்படவில்லை என்று எண்ணத் தோன்றுகின்றது. கங்கை வங்கக்கடலிற் கலக்கின்றது. அக்கடலின் அலையே கல்லடியிலும் காரைதீவிலும் கரையைத் தொடுகின்றது. இது எம் எண்ணமேயன்றிச் செய்யுளில் உள்ளதென்று யாரும் கொள்ளற்க. எனினும் அவ்வூர்க் கரையில் நின்றவர்க்கு இவ்வெண்ணம் எழாமல் இராது.

அடிகளிடம் அன்பு பூண்டோருள் புலவர்மணி ஏ. பெரியதம்பிப்பிள்ளையைக் குறிப்பிடாமல் மட்டக்களப்புத் தமிழைப் பற்றிப் பேச இயலாது. வாவியின் தென்பால் உள்ள மண்டூரிற் பிறந்தவர். அடிகளுக்கு ஏழாண்டு இளையவர். பகவத்கீதையை வெண்பாவிற் பாடியவர். 1978 வரை வாழ்ந்தவர். அடிகளின் மீட்சியைப் பொருளாகக் கொண்டு மீட்சிப் பத்து என ஒரு பதிகமே பாடினார். ஊரை விட்டுத் தொலைவிற் சென்ற ஒருவர் மீள்வதை ஒரு பதிகத்துக்குரிய பொருளாக மற்றொரு புலவர் எண்ணினார் எனின், சென்றவர் அவ்வூர்க்கு எத்தகையவராக இருந்தார் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. கொடுத்த தோழமை இவ்வாறு திரும்பியும் வந்தது.

1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியராக அடிகள் நியமனம் பெற்றார். அப்பல்கலைக்கழகம் தொடங்கி ஓராண்டே ஆகியிருந்தது. அப்பணியோடு யாழாராய்ச்சியும் இணைந்து நடந்தது. ஏறத்தாழப் பதினான்கு ஆண்டு உழைப்பின் பயனாகிய யாழ்நூல், பாயிரவியல் தொடங்கி ஒழிபியல் ஈறாக ஏழு இயல்களைக் கொண்டது. வழக்கொழிந்து பல நூற்றாண்டான ஒரு கருவியை, சிலப்பதிகாரத்தின் சில அடிகளையும் உரைக் குறிப்புகளையும் கொண்டு, கணக்கியல் அறிவின் துணையால் மீட்டெடுக்க முயன்ற நூல் அது. அதனைப் புகழ்வோர் தொகை மிகப் பெரிது. முற்றக் கற்றோர் தொகை மிகச் சிறிது. இது நூலின் குற்றமன்று. இசையும் கணிதமும் பழந்தமிழும் ஒருங்கே அறிந்த மாணவரை நம் கல்வி ஆக்கித் தரவில்லை.

நூல் முற்றுப்பெறும் காலத்தில் அவர் உடல்நலம் மிகவும் குன்றியிருந்தது. இங்கேதான் தேற்றியவர் தேற்றப்படும் நிலைக்கு வந்தார். மாணாக்கர் க. வெள்ளைவாரணனார் நூற்பணியில் உடனிருந்து உதவினார். செட்டிநாட்டு வள்ளல் ஒருவர் தங்குமிடமும் பொருளும் ஈந்தார். அச்சிட்டு வெளியிடும் பொறுப்பைக் கரந்தைத் தமிழ்ச் சங்கம் ஏற்றது. 1947 சூன் 5, 6 ஆகிய இருநாள்களில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் யாழ்நூல் அரங்கேறியது. ஞானசம்பந்தர் ஓடம் செலுத்திக் கரைசேர்ந்த தலமாக அதனைக் கூறுவர். நூலில் வகுத்த முறைப்படி செய்யப்பெற்ற யாழ்கள் அவையில் மீட்டப்பட்டன. தாளிற் கணக்கிட்ட ஒலியை அடிகள் தம் செவியாற் கேட்டார். நோயுற்ற ஒருவர்க்கு நண்பர்கள் தரக்கூடிய மருந்து அதனினும் பெரிதாக ஒன்று இருந்திருக்க முடியாது. அவருடைய நோவைப் பற்றிப் பேசாமல், அவர் வாழ்நாள் முழுதும் கேட்க விழைந்ததை அவர்கள் அவர்க்குக் கேட்பித்தனர்.

ஆறு வாரங்களே கழிந்தன. 1947 சூலை 19 ஆம் நாள் கொழும்பில் அடிகள் மறைந்தார். அப்போது அவர்க்கு அகவை ஐம்பத்தைந்து. உடல் மட்டக்களப்புக்குக் கொண்டுவரப்பட்டு, வாவிக்கு அப்பால் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலய வளவிலே அடக்கம் செய்யப்பட்டது. உள்ளத் தாமரையைப் பற்றிய அவர் பாடல் அச்சமாதியில் பொறிக்கப்பட்டிருக்கின்றது. பள்ளி மணி அடித்ததும் பிள்ளைகள் அந்த வளவைக் கடந்துதான் வகுப்புக்கு ஓடுகின்றனர்.